கான்ஃபூவின் கோடை

அரபு மாலுமிகள் கான்ஃபூ என்று அழைத்த துறைமுகமே இன்றைய குவாங்சோ. தென்சீனத்தில் முத்து ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி, கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே அந்நகரம் அமைந்திருக்கிறது. கோடையில் அங்கே வெப்பம் 33 பாகையைத் தொடுவது வழக்கம். காயல்பட்டினத்திலோ நாகூரிலோ வளர்ந்தவர்களுக்கு அந்த எண் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே மனிதனை வாட்டுவது வெயிலைக் காட்டிலும் புழுக்கமே. காற்றெல்லாம் ஈரம், துவைத்த துணி காய்வதில்லை, இடையிடையே புயலும் பெருமழையும் வந்து போகும்.

இந்நகரத்தின் முஸ்லிம் வரலாறு என்றதும் நம்மில் பலரும் நினைவுகூர்வது, ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று அங்கே காட்டப்படும் இடத்தைத்தான். அன்பினால் வளர்ந்த செய்தி அது. எனினும், அந்த நபித்தோழர் மதீனாவை அடுத்த அகீக்கில் மரணமுற்று, ஜன்னத்துல் பகீயில் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதே நம் வரலாற்றாசிரியர்கள் பதிந்து வைத்தது. கான்ஃபூ முஸ்லிம்களின் வாழ்வை அறிய அந்தச் செய்தி நமக்குத் தேவையுமில்லை. அவர்கள் என்ன உண்டார்கள், எதைக் குடித்தார்கள், அந்தப் புழுக்கத்தில் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதற்கெல்லாம் கண்டவர்களும் கேட்டறிந்தவர்களும் எழுதிய சான்றுகள் இருக்கின்றன.

முதலில் காற்றைச் சொல்லவேண்டும். 1119ஆம் ஆண்டளவில் சூ யூ என்ற சீனர் தம் நூலில் அதை எழுதி வைத்திருக்கிறார். அவருடைய தந்தையார் குவாங்சோவில் அதிகாரியாக இருந்தவர். கப்பல்கள் ஐந்தாம், ஆறாம் மாதங்களில் தென்காற்றில் வந்து சேரும். பதினொன்றாம், பன்னிரண்டாம் மாதங்களில் வடகாற்றில் புறப்பட்டுப் போகும். சீன மாதங்களை நம் கணக்கில் வைத்துப் பார்த்தால், வருகை ஏறத்தாழ ஆனி, ஆடியில்; புறப்பாடு மார்கழி, தையில். ஆக, பாரசீக வளைகுடாவின் சீராஃபிலிருந்து கிளம்பி, மஸ்கத், கொல்லம் வழியாகக் கடல் கடந்து வந்த வணிகர் கரையிறங்கியது நகரம் வெந்து கொண்டிருந்த பருவத்தில். இறங்கியபின் அரையாண்டு அங்கேயே தங்கியாக வேண்டும். அந்தக் காற்றைத் தவறவிட்டால் இன்னும் ஓராண்டு. அப்படித் தங்கிவிட்டவர்களைக் குறிக்கச் சீன மொழியில் தனிச்சொல்லே இருந்ததாகச் சூ யூ கூறுகிறார்.

சரக்கும் காத்திருந்தது. ஹிஜ்ரி 237இல், அதாவது 851இல், அரபியில் தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' இதை விளக்குகிறது. வந்த சரக்கை அரசு அதிகாரிகள் கிடங்கில் பூட்டி, ஆறு மாதம்வரை அதற்குப் பொறுப்பேற்பார்கள். பருவத்தின் கடைசிக் கப்பலும் வந்து சேர்ந்தபின், பத்தில் மூன்று பங்கைத் தீர்வையாக எடுத்துக்கொண்டு மீதியை ஒப்படைப்பார்கள். மரவீடுகளும் மூங்கில் தட்டிகளும் நிறைந்த நகரம் அது. அடிக்கடி தீப்பிடித்துச் சரக்கு அழிந்ததையும் அதே நூல் குறிப்பிடுகிறது.

அந்நூலில் நாம் நின்று வாசிக்கவேண்டியவை அன்றாடச் செய்திகள். குளிர்காலத்தில் ஈரத்துக்கு அஞ்சி அவ்வூரார் வசதிக்கேற்ப இரண்டு, மூன்று, ஐந்து காற்சட்டைகள்கூட ஒன்றன்மேல் ஒன்றாக அணிவார்கள். கோடையிலோ ஒற்றைப் பட்டாடை போதும். அவர்களின் உணவு சோறு. சில வேளைகளில் குழம்பு சமைத்துச் சோற்றின்மேல் ஊற்றி உண்பார்கள். பானம் அரிசியிலிருந்து வடித்த மது. பழங்களின் பட்டியலோ நீளமானது: மாதுளை, வாழை, கரும்பு, தேங்காய், இலந்தை என்று போகிறது. தூய்மை பற்றியும் ஒரு வரி உண்டு. இயற்கைத் தேவைக்குப்பின் அவர்கள் தண்ணீரால் கழுவாமல் தாளால் துடைத்துக்கொள்வதாக அந்த முஸ்லிம் வியப்போடு எழுதியிருக்கிறார். இன்று அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகள் வீட்டுக்குத் தெரிவிக்கும் முதல் குறையும் அதுதானே!

மதுவைத் தொடாதவர்களுக்கு அங்கே வேறொரு பானம் இருந்தது. 'ஸாக்' என்று ஓர் இலையை அந்நூல் குறிப்பிடுகிறது. சற்றே மணமும் கசப்பும் உடையது. நீரைக் கொதிக்கவைத்து அதன்மேல் ஊற்றிக் குடிப்பார்கள். எல்லா நோய்க்கும் நல்லது என்பார்கள். உப்பைப் போலவே அதன் வருவாயும் அரசருக்கே உரியது. தேயிலையைத்தான் சொல்கிறார். அரபியில் தேநீரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று.

புழுக்கத்தைக் கசப்பால் வெல்லும் வழக்கம் அங்கே இன்றும் மாறவில்லை. சாமந்திப்பூ, அதிமதுரம் முதலியவற்றைக் கொதிக்கவைத்த லியாங்சா என்ற கஷாயத்தைக் குவாங்சோவின் தெருக்கடைகளில் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்கள். பெயரின் பொருள் 'குளிர்ச்சித் தேநீர்'. குளிர்ச்சி என்பது உடலுக்கு அது செய்யும் பயன், சூடாகவே குடிப்பவர்களும் உண்டு. 2006இல் சீன அரசு அதைத் தேசியப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கோடை வந்தால் வீடுகளில் நீர்ப்பூசணி சூப்பும், பாகற்காயும், பச்சைப்பயற்றுக் கஞ்சியும். ஜூனில் பழுக்கும் லிச்சியை அளவுக்குமேல் தின்றால் உடம்பு சூடேறும் என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். மாம்பழத்துக்கு நம் உம்மாமார்கள் சொல்வது அப்படியே அங்கே லிச்சிக்கு!

மீண்டும் அந்தக் காலத்து வணிகர்களிடம் வருவோம். பன்றியிறைச்சி தாராளமாக விற்கப்படும் ஊரில் அவர்கள் எப்படி உண்டார்கள்? சூ யூ இதற்கும் விடை வைத்திருக்கிறார். அயல்நாட்டார் பன்றியை உண்பதில்லை. மற்றக் கால்நடைகளையும் தம் கையால் அறுத்தாலன்றி உண்பதில்லை. மீன் வகையானால் உயிருள்ளதா, செத்ததா என்று பார்ப்பதில்லை. ஃபிக்ஹு நூலைப் புரட்டாத ஒரு சீனர், அண்டை வீட்டாரைப் பார்த்தே நம் சட்டத்தை இவ்வளவு சரியாக எழுதிவிட்டார். அவர்கள் அதைத் தளர்வின்றிக் கடைப்பிடித்ததால்தான் அவர் கண்ணுக்கு அது தெரிந்தது.

இன்னொருவர் யூ கே. சீனர் போற்றும் தளபதி யூ ஃபெய்யின் பேரர். 1192இல், பத்து வயதுச் சிறுவனாக, குவாங்சோவில் அதிகாரியாக இருந்த தந்தையுடன் ஒரு பெரும் அயல்நாட்டு வணிகரின் மாளிகைக்குச் சென்று பார்த்ததைப் பின்னாளில் எழுதினார். தொழுமிடத்தில் உருவம் ஏதுமில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். உணவு வேளையில் பொன்னாலும் வெள்ளியாலும் ஆன பெரிய பாத்திரத்தில் மீனும் கறியும் சோறும் ஒன்றாகக் கலந்து, பன்னீர் தெளித்து, பச்சைக் கற்பூரம் தூவி வைத்தார்கள். குச்சியோ கரண்டியோ இல்லை. அனைவரும் சுற்றியமர்ந்து கையால் எடுத்து உண்டார்கள், பிறகு கை கழுவினார்கள். காயலிலும் கீழக்கரையிலும் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை. ஒரே ஓர் இடத்தில் சிறுவனின் நினைவு பிசகிவிட்டது: வலக்கை அசுத்தத்துக்குரியது என்று மெத்தைக்குக் கீழே வைத்துவிட்டு, இடக்கையால் உண்டார்கள் என்கிறார். எதிரே அமர்ந்து பார்த்ததால் கைகள் இடம் மாறித் தெரிந்தனவோ என்னவோ.

இவ்வாழ்க்கை எப்போதும் அமைதியாக இருந்ததில்லை. 879இல் ஹுவாங் சாவ் என்ற கலகத் தலைவன் நகரைக் கைப்பற்றி, முஸ்லிம்களையும் யூதர், கிறிஸ்தவர், மஜூஸிகளையும் கொன்று குவித்தான். சீராஃபைச் சேர்ந்த அபூ ஸைத் 1,20,000 பேர் என்கிறார். இவ்வெண் மிகையென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நாம் இதை அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். 758இல் நடந்ததை ஏனோ சொல்வதில்லை. அந்த ஆண்டு அரபியரும் பாரசீகரும் சேர்ந்து இதே நகரைத் தாக்கினார்கள்; கிடங்குகளைச் சூறையாடி, வீடுகளுக்குத் தீ வைத்து, கடல்வழியே தப்பினார்கள் என்று தாங் அரசமரபின் வரலாறு பதிந்திருக்கிறது. அவர்கள் பொருளைக் காத்துக் கொடுத்த ஊரல்லவா அது! அமானத்தைப் பற்றிப் பேசும் நாம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

அந்தச் சூறையாடலுக்கு ஒரு நூற்றாண்டுகூட ஆகாத 851இல், அதே நகரில் முஸ்லிம்களின் வழக்குகளைத் தீர்க்கச் சீன அரசரே ஒரு முஸ்லிமை நியமித்திருந்தார். பெருநாளில் அவரே தொழுகை நடத்தி, குத்பா ஓதி, கலீஃபாவுக்காக துஆ செய்தார். அவருடைய தீர்ப்பு அல்லாஹ்வின் வேதத்துக்கு ஒத்திருந்ததால் இராக் வணிகர்கள் அதை மறுப்பதில்லை என்கிறது அந்த அரபு நூல்.

ஹுவாய்ஷெங் பள்ளிவாசலின் மினாராவுக்கு ஊரார் வைத்த பெயர் ஒளிக்கோபுரம். உயரம் ஏறத்தாழ 36 மீட்டர். 1343இல் தீக்கிரையான பள்ளி 1350இல் மீண்டும் கட்டப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அதற்கும் முன்னே, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபாங் ஷின்ரூ என்ற சீனக் கவிஞர் இக்கோபுரத்தைப் பற்றி எழுதினார். ஆண்டுதோறும் ஐந்தாம், ஆறாம் மாதங்களில், இரவின் கடைசிச் சாமத்தில் அயல்நாட்டார் அதன் உச்சிக்கு ஏறித் தம் இறைவனின் பெயரைக் கூவிக் காற்றுக்காக வேண்டுவார்கள் என்கிறார். கடைசிச் சாமத்தில் ஒலித்தது ஃபஜ்ருடைய பாங்காகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மாதங்களில் மேலே ஏறியவர் தெற்கு நோக்கி ஒரு முறையேனும் பார்க்காமல் இறங்கியிருக்கமாட்டார். உறவினர் ஏறிவந்த கப்பல் ஏதேனும் தெரிகிறதா என்று.

அப்போது ஆறு கோபுரத்துக்கு அருகிலேயே ஓடியது. நூற்றாண்டுகளாக வண்டல் படிந்து கரை தெற்கே விலகிவிட்டது. இன்று சுற்றிலும் தெருக்களும் கடைகளும்தான். பள்ளிவாசல் நிற்கும் தெருவுக்கு ஒளிக்கோபுரத் தெரு என்றே பெயர்.