ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம்

1799 மே 4 அன்று திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த படையினருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய வட்ட வடிவ நினைவுப் பதக்கம். பார்வைக்குப் பெரிய காசு போலிருந்தாலும் இதில் மதிப்பு எதுவும் பொறிக்கப்படவில்லை, செலாவணியிலும் இருந்ததில்லை.

கம்பெனி இதற்கு முன்பே 1784இல் தக்காணப் பதக்கத்தையும், மூன்றாம் மைசூர்ப் போருக்காக மைசூர்ப் பதக்கத்தையும் வெளியிட்டிருந்தது. அவை இந்தியப் படையினருக்கு உரியவை. ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கமோ ஐரோப்பியர், இந்தியர் இருசாராருக்கும் கிடைத்தது. ஆனால் ஒரே உலோகத்தில் அல்ல. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலை அதிகாரிகளுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, கேப்டன் முதலானோருக்கு வெள்ளி, அதிகாரி நிலை எட்டாத மேலாட்களுக்கு வெண்கலம். கோட்டைச் சுவரின் உடைப்பில் ஏறிய சிப்பாய்க்கு வெள்ளீயம்.

கான்ராட் ஹைன்றிச் கூக்லர் அச்சு வெட்ட, பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலை இதை அடித்தது. ஒரு பக்கத்தில் பிரிட்டனின் சிங்கம் திப்புவின் சின்னமான புலியை வீழ்த்தி மிதிக்கிறது. மேலே பறக்கும் கொடியில் 'அசதுல்லா அல்-காலிப்', அதாவது வெற்றிகொள்ளும் இறைவனின் சிங்கம் என்ற அரபுத் தொடர். இது திப்பு தன் ஆயுதங்களில் பொறித்துக்கொண்ட அதே தொடர். கோட்டையோடு எதிரியின் முழக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மறுபக்கத்தில் கோட்டை மீதான தாக்குதல். தாக்குதல் நடந்த நண்பகல் வேளையைக் காட்ட உச்சியில் சூரியன்; அடியில் பாரசீக எழுத்தில் ஹிஜ்ரி 1213.

பதக்கம் உரியவர் கைக்கு வர 1808 ஆகிவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த ஜெனரல் ஹாரிஸின் மதராஸ் படை 1799இல் மைசூர் நோக்கிப் புறப்பட்டது வேலூரிலிருந்து. பதக்கம் வருமுன், 1806 ஜூலையில், திப்புவின் மகன்கள் காவலில் இருந்த அதே வேலூர்க் கோட்டையில் மதராஸ் சிப்பாய்கள் கம்பெனிக்கு எதிராகவே எழுந்தார்கள்.

சேகரிப்போர் முதலில் பார்ப்பது விட்டத்தை. சோஹோவில் அடித்தது 48 மி.மீ.; பின்னர் கல்கத்தா நாணயச்சாலையில் அடித்தது 45 மி.மீ., வேலைப்பாடும் சற்று மட்டம். மாட்டுவதற்கான வளையமோ கொக்கியோ தரப்படவில்லை; பெற்றவர்கள் தாங்களாகவே பொருத்திக்கொண்டார்கள். அதனால் வளையம் விதவிதமாக இருப்பது போலிக்கு அடையாளமாகாது. வெள்ளீயம் மெத்தென்ற உலோகம், சீக்கிரம் தேய்ந்து மங்கிவிடும். சிங்கத்தின் பிடரி கூர்மையாகத் தெரியும் பிரதிக்குத் தனி மதிப்பு உண்டு. பெயர் பொறிக்கப்படாமலே இவை வழங்கப்பட்டன. எனவே விளிம்பில் பெயர் இருந்தால் அது பெற்றவரோ பின்னால் வாங்கியவரோ வெட்டியது. படைப்பிரிவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பது சரியல்ல. கல்கத்தாவில் தங்கமும் வெள்ளியும் மட்டுமே அடிக்கப்பட்டதால், 45 மி.மீ. அளவில் வெள்ளீயப் பதக்கம் ஒன்று விலைக்கு வந்தால் இன்னொரு முறை அளந்து பார்ப்பது நல்லது.