கிளாசிக் காரில் மின்விசிறியும் ரேடியேட்டரும் பொருத்துதல்

கிளாசிக் கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி ஃபேன் பெல்ட்டின் இழுப்பில் சுழலும். அதைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் மோட்டாரில் ஓடும் விசிறியை ரேடியேட்டரோடு சேர்த்து அமைப்பது பழைய வண்டி வைத்திருப்போர் பரவலாகச் செய்யும் மாற்றம். ரேடியேட்டரைப் புதுப்பிக்கும் வேலையும் பெரும்பாலும் இதோடு சேர்ந்தே நடக்கும். இதை விளக்க எம்ஜிபி நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இந்த வண்டி பெல்ட் விசிறியோடு பிறந்து, பிற்காலத்தில் தொழிற்சாலையிலேயே மின்விசிறிக்கு மாறியது.

மாற்றத்தின் தேவை

பெல்ட் விசிறி வாட்டர் பம்பின் முகப்பில் பொருந்தியிருக்கும். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அதே கணக்கில்தான் அதுவும் சுழலும். நெரிசலில் வண்டி நின்றால் எதிர்க்காற்று இருக்காது. எஞ்சின் ஐடிலில் இருப்பதால் விசிறியும் மெதுவாகவே சுழலும். காற்று மிகத் தேவைப்படும் நேரத்தில் மிகக் குறைவாகக் கிடைக்கும். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் எதிர்க்காற்றே பொதுவாகப் போதும். அப்போது விசிறி எஞ்சின் சக்தியைத் தின்று இரைச்சலை மட்டுமே தரும். மின்விசிறி இந்த முரணைத் தீர்க்கிறது. எஞ்சின் வேகம் எதுவானாலும் அது முழு வேகத்தில் ஓடும். தேவை முடிந்ததும் நின்றுவிடும்.

எம்ஜிபியில் நடந்த மாற்றம்

எம்ஜிபியின் 1798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் பிஎம்சி நிறுவனத்தின் பி-வரிசையைச் சேர்ந்தது. 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 மாடலில் 3528 சிசி ரோவர் எஞ்சினும் இரண்டு மின்விசிறிகளும் இருந்தன. நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கு 1977 மாடலிலிருந்து ரேடியேட்டரை முன்னுக்கு நகர்த்தி மின்விசிறி வைத்தார்கள். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது செய்வது பெரும்பாலும் இதே மாற்றத்தைத்தான்.

சூட்டின் காரணத்தைக் கண்டறிதல்

மின்விசிறி ஒரே ஒரு கோளாறுக்குத்தான் மருந்து: நிற்கும்போதும் ஊரும்போதும் ஏறும் சூடு. நெடுஞ்சாலையில் ஓட ஓட வெப்பநிலை காட்டும் முள் ஏறினால் விசிறியால் பயனில்லை. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லாததால் குறை வேறெங்கோ இருக்கிறது. ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிவு, பிளாக்கின் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றிச் சேர்ந்த சேறு, பிந்திய இக்னிஷன் டைமிங், எரிபொருள் குறைந்த கலவை, கசியும் ஹெட் கேஸ்கெட், அழுத்தம் தாங்காத மூடி ஆகியவை வழக்கமான காரணங்கள்.

எம்ஜிபியில் ரேடியேட்டரைச் சுற்றி நுரை ரப்பர் பட்டைகள் உண்டு. அவை உதிர்ந்துபோனால் காற்று ரேடியேட்டரின் கோரை, அதாவது குழாய்களும் செதில்களும் சேர்ந்த நடுப்பகுதியை, ஊடுருவாமல் ஓரங்களில் வழிந்து ஓடிவிடும். சில ரூபாய் பட்டையில் தீரும் கோளாறு இது.

சூடான ரேடியேட்டரின் முகப்பை அகச்சிவப்பு வெப்பமானியால் வரிசையாக அளந்தால் அடைப்பு தெரிந்துவிடும். மேலிருந்து கீழே வெப்பம் சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அங்கே நீர் ஓடவில்லை.

ரேடியேட்டர்

பழைய ரேடியேட்டர் பித்தளைத் தொட்டியும் செம்புச் செதில்களும் ஈயப் பற்றவைப்பால் இணைந்தது. தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுக் கோரை மட்டும் மாற்றலாம். அசல் தோற்றம் கெடாத வழி இதுதான். மாற்றும்போது ஒரு வரிசைக் குழாயைக் கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு. ஆனால் கோர் தடித்தால் காற்றுக்குத் தடையும் கூடும். அதை ஈடுகட்ட வலுவான விசிறி வேண்டும்.

அலுமினிய ரேடியேட்டர் எடை குறைந்தது. செம்பைவிட அலுமினியம் வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். ஆனால் அதில் அகலமான குழாய்களை அமைக்க முடிவதால் செதிலோடு தொடும் பரப்பு கூடுகிறது. அதற்கு அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட் அவசியம். எஞ்சினுக்கு எர்த் இணைப்பு மோசமாக இருந்தால் மின்னோட்டம் கூலன்ட் வழியே திரும்பி அலுமினியத்தை உள்ளிருந்தே அரித்துவிடும்.

மூடியையும் கவனிக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்த மூடி நீரின் கொதிநிலையைச் சுமார் 115 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்துகிறது. ரேடியேட்டர் கழுத்தின் ஆழமும் மூடியின் ஆழமும் ஒத்துப்போகாவிட்டால் உள் வாஷர் சரியாக அமராது. வண்டி குறைந்த சூட்டிலேயே கொதித்து வழியும்.

விசிறியை அமைத்தல்

ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் விசிறியே திறன் மிக்கது. பழைய எம்ஜிபியில் வாட்டர் பம்பின் மூக்குக்கும் கோருக்கும் இடைவெளி குறைவு என்பதால், பலர் முன்னால் நின்று தள்ளும் விசிறியை வைக்கிறார்கள். எதிர்க்காற்றை அது கொஞ்சம் மறைக்கும்.

பெல்ட் விசிறியைக் கழற்றியதும் அதே போல்ட்டுகளைத் திரும்பப் போடக்கூடாது. விசிறியின் தடிமன் குறைந்த அளவுக்குக் குட்டையான போல்ட்டுகள் தேவை.

செதில்களின் ஊடே பிளாஸ்டிக் கட்டுப்பட்டி நுழைத்து விசிறியைக் கட்டும் முறை விரைவானது, ஆனால் தீங்கானது. வண்டியின் அதிர்வில் பட்டி நாளடைவில் குழாயைத் தேய்த்து ஓட்டையாக்கிவிடும். விசிறியின் எடை ரேடியேட்டர் சட்டத்தில் திருகிய இரும்புப் பட்டைகளின்மேல் அமர வேண்டும்.

சுழலும் திசையும் முக்கியம். நேர்த்திசை மின்னோட்ட (டிசி) மோட்டாரில் இரு வயர்களை மாற்றினால் விசிறி எதிர்த்திசையில் சுழலும். 1967 வரையிலான எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிடிவ் முனைதான் எர்த் என்பதால் இந்தத் தவறு எளிதில் நேரும். விசிறியை ஓடவிட்டு, ஒரு காகிதத் துண்டைக் கோரின் முன்முகத்தில் வைத்தால், காகிதம் ஒட்டி நிற்க வேண்டும். பறந்து விழுந்தால் காற்று தலைகீழாக ஓடுகிறது.

மின்சுற்று

12 அங்குல விசிறி ஒன்று ஓடும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. இதைப் பழைய சாவி சுவிட்ச் வழியாக விட்டால் அதன் முனைகள் கருகும். ஆகவே ரிலே கட்டாயம். பேட்டரி மின்சாரம் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு வந்து 87 வழியே விசிறிக்குப் போகும். 85, 86 முனைகளுக்கு இடையிலான சுருளை வெப்ப சுவிட்ச் இயக்கும்.

ஆரம்பகால எம்ஜிபியின் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். ஐடிலில் ஏறக்குறைய எதுவும் தராது. விசிறி ஓடுவதோ ஐடிலில்தான். இரவு நெரிசலில் முகப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால் சுமை முழுவதும் பேட்டரியின் தலையில் விழும். டைனமோ வண்டிக்கு ஆல்டர்னேட்டர் மாற்றமும் சேர்த்துப் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். 1967 இறுதியில் வந்த இரண்டாம் மார்க் எம்ஜிபிகளில் ஆல்டர்னேட்டர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது.

வெப்ப சுவிட்ச்

விசிறி ஓடத் தொடங்கும் வெப்பநிலை, தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலையைவிட உயர்ந்திருக்க வேண்டும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில், மேல் ஹோஸில் அமைந்த சுவிட்ச் 92 முதல் 95 டிகிரிக்குள் விசிறியை ஓடவிட்டு, சில டிகிரி இறங்கியதும் நிறுத்துவது பொருத்தம். இரண்டும் ஒட்டியிருந்தால் விசிறி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஹோஸின் வாயில் நுண்குழாயைச் செருகும் பழைய வகை சுவிட்ச் கசிவுக்கு வழிவிடும். ஹோஸை வெட்டி உலோகக் குழாய்த் துண்டை இணைத்து, அதில் சுவிட்சைத் திருகுவது உறுதியானது. டாஷ்போர்டில் ஒரு கைச்சுவிட்சையும் சேர்த்துவிட்டால், தானியங்கி சுவிட்ச் செயலிழந்தாலும் வீடு வந்து சேரலாம். சாவியை எடுத்த பிறகும் விசிறி ஓடும்படி இணைப்பு கொடுத்திருந்தால், பானெட்டைத் திறப்பவர் விரலைக் காக்க எச்சரிக்கை ஒட்டுவது வழக்கம்.

நிரப்புதலும் சோதனையும்

ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்திக் கூலன்ட் ஊற்றினால் காற்றுக்குமிழிகள் வெளியேறும். பிறகு வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, விசிறி தானாகக் கிளம்பி, முள் இறங்கி, மீண்டும் நிற்கும் சுற்றை இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். கிளம்பிய விசிறி நிற்கவே இல்லையென்றால் ரேடியேட்டரைத் திரும்பவும் ஆராய வேண்டும்.

பிற வண்டிகளில்

இதே பி-வரிசையின் 1489 சிசி எஞ்சின், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரிலும் ஓடியது. அதன் பெல்ட் விசிறிக்கும் மேற்சொன்ன விதிகள் பொருந்தும். கோடையில் நிழலிலேயே 40 டிகிரி வெப்பம் நிலவும் நகரங்களில் ரேடியேட்டருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு சுருங்கிவிடுகிறது. எனவே அங்கே விசிறியைவிடச் சுத்தமான கோருக்கே முதலிடம். கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்தி, வண்டியின் உடலில் புதுத் துளை போடாமல் வேலையை முடித்தால், பின்னாளில் வண்டியை அசல் நிலைக்கு மீட்கலாம். அசல் நிலையைப் பார்த்து மதிப்பெண் தரும் போட்டிகளுக்குச் செல்வோர் இதைக் கட்டாயமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.