பேரா, எழுதினவரா? - ரோஜர் வாட்டர்ஸின் தனி ஆவர்த்தனம்

பிங்க் ஃப்ளாய்ட் ரசிகர்கள் உலகம் பூரா ரெண்டு கட்சி. ரோஜர் வாட்டர்ஸ் கட்சி, டேவிட் கில்மோர் கட்சி. எங்க ஆபீஸ்லயே ரெண்டுக்கும் ஆள் உண்டு. மதிய சாப்பாட்டுல ஆரம்பிச்சா சாயங்கால டீ வரைக்கும் இழுக்கும். யார் பெரிய கலைஞர்ங்கற பஞ்சாயத்தை இந்தப் பதிவுல தீர்த்து வைக்கப் போறதில்லை. என்னை உறுத்தறது வேற கேள்வி. ஒரு குழுவுக்கு முக்கால்வாசி பாட்டு எழுதின ஆள் வெளியே போயிட்டா, அந்தக் குழு யாரோடது? உள்ளே மிச்சம் இருக்கறவங்களோடதா, எழுதினவரோடதா?

பொட்டி தட்டிப் பொழைக்கிற நமக்கு இதுக்கு விடை தெரியும். நாம எழுதற கோடு கம்பெனியோடது. பேப்பர் போட்ட கடைசி நாள் ஐடி கார்டோட சேர்த்து அதையும் வெச்சுட்டு வந்துடணும். வாட்டர்ஸ் இதை ஒத்துக்காம கோர்ட்டுக்கே போனார்.

கதைக்கு முன்கதை ஒண்ணு இருக்கு. 1965-ல லண்டன்ல ஆரம்பிச்ச இந்தக் குழுவுக்குப் பேர் வெச்சதே வாட்டர்ஸ் இல்லை. வெச்சவர் சிட் பேரட். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில்னு ரெண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களோட முதல் பேர்களைச் சேர்த்து உருவாக்கின பேர் அது. ஆரம்பத்துல பாட்டெல்லாம் பெரும்பாலும் அவரோடதுதான். மனநிலை பாதிக்கப்பட்டு அவரால மேடை ஏற முடியாம போனப்போ, 1968-ல மத்தவங்க அவரை விட்டுட்டுப் போயிட்டாங்க. பேர் மட்டும் அவங்ககிட்டயே தங்கிடுச்சு. அப்போ அதனால லாபம் அடைஞ்ச நாலு பேர்ல வாட்டர்ஸும் ஒருத்தர். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பேரட் போனப்புறம் பேனா மெதுவா வாட்டர்ஸ் கைக்கு வந்தது. 1973-ல வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தோட வரிகள் மொத்தமும் அவர் எழுதினது. அமெரிக்க பில்போர்ட் பட்டியல்ல அது 1988 வரைக்கும் விட்டு விட்டு 741 வாரம் இருந்தது. அடுத்து 1975-ல 'விஷ் யூ வேர் ஹியர்', 1977-ல 'அனிமல்ஸ்', 1979-ல 'தி வால்'. போகப் போக இசையும் அவர் பக்கமே சாய்ஞ்சது. கீபோர்ட் வாசிச்ச ரிச்சர்ட் ரைட்டை 'தி வால்' பதிவு சமயத்துல வெளியே தள்ளிட்டு, கச்சேரிகளுக்கு சம்பளத்துக்கு வாசிக்க வெச்சாங்க. அந்தக் கச்சேரிகள் நஷ்டம். சம்பளக்காரரான ரைட் ஒருத்தர்தான் அதுல காசு பார்த்தார் :-)

வாட்டர்ஸ் எழுத்தோட வேர் அவங்க அப்பா. எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ் ஒரு பள்ளி ஆசிரியர். முதல்ல போர்ல சேர மறுத்து ஆம்புலன்ஸ் ஓட்டினவர். அப்புறம் மனசு மாறி ராணுவத்துல சேர்ந்து, 1944 பிப்ரவரி 18 அன்னிக்கு இத்தாலியில அன்ஸியோ சண்டையில செத்துப் போனார். பையனுக்கு அப்போ அஞ்சு மாசம். 1983-ல வந்த 'தி ஃபைனல் கட்' ஆல்பத்தை அப்பாவுக்குத்தான் காணிக்கையாக்கினார். அதோட அட்டையில, எழுதினது ரோஜர் வாட்டர்ஸ், வாசிச்சது பிங்க் ஃப்ளாய்ட்ங்கற அர்த்தத்துல போட்டிருக்கும். பிளவு அட்டையிலேயே அச்சாயிடுச்சுன்னு சொல்லலாம்.

அடுத்த வருஷமே முதல் தனி ஆல்பம், 'தி ப்ரோஸ் அண்ட் கான்ஸ் ஆஃப் ஹிட்ச் ஹைக்கிங்'. இதுக்கும் ஒரு கதை இருக்கு. 1978-ல வாட்டர்ஸ் குழுவுக்கு ரெண்டு திட்டம் போட்டுக் காட்டினார். ஒண்ணு 'தி வால்', இன்னொண்ணு இது. மத்தவங்க 'தி வால்' போதும்னு சொல்லிட்டாங்க. மிச்சமானதைத் தானே எடுத்துக்கிட்டார். விடியக்காலை 4:30-லேர்ந்து 5:11 வரைக்கும் ஒருத்தன் காணற கனவுகள், அதே நேர அளவுல ஓடற ஆல்பம். கிடார் யார் தெரியுமா? எரிக் கிளாப்டன்! கச்சேரிகளுக்கும் கூடவே வந்தார். அப்படியும் பல ஊர்ல டிக்கெட் விக்கலை, வாட்டர்ஸுக்குக் கை நஷ்டம். 'தி வால்' எழுதின ஆள், கூட கிளாப்டன், ஆனா அரங்கம் நிறையலை. போஸ்டர்ல இல்லாத அந்த ரெண்டு வார்த்தைக்கு எவ்வளவு விலைன்னு அப்போதான் தெரிஞ்சது.

1985 டிசம்பர்ல தான் விலகறதா ரெக்கார்ட் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். நான் போனா கடை மூடிடும்ங்கறது அவர் கணக்கு. கில்மோரும் நிக் மேசனும் மூடலை. 1986 அக்டோபர்ல வாட்டர்ஸ் லண்டன் ஹைகோர்ட்டுக்குப் போனார். பிங்க் ஃப்ளாய்ட்ங்கற பேரை இனிமே யாரும் பயன்படுத்தக் கூடாதுங்கறது வழக்கு.

இங்கதான் பேரட்டை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன். எழுதினவர் போனாலும் பேர் நிக்கும்ங்கறதை 1968-ல நடத்திக் காட்டின நாலு பேர்ல ஒருத்தர், 18 வருஷம் கழிச்சு, எழுதினவர் போனா பேரும் போகணும்னு வாதாடறார். அவர் பக்கத்துல நியாயமே இல்லைன்னு சொல்லலை. தி வால் அளவுக்கு ஒருத்தரோட வாழ்க்கையே படைப்பா ஆகும்போது, அதை இன்னொருத்தர் தன் போர்டு மாட்டி வித்தா வயிறு எரியத்தான் செய்யும். ஆனா அவர் கேட்ட விதி முன்னாடியே அமலாகி இருந்தா, டார்க் சைட் அந்தப் பேர்ல வந்தே இருக்காது.

1987-ல ரெண்டு தரப்பும் நேருக்கு நேர். ஜூன்ல வாட்டர்ஸோட 'ரேடியோ கேயாஸ்', செப்டம்பர்ல ஃப்ளாய்டோட 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்'. முதல் ஆல்பத்துல, தலைக்குள்ளயே ரேடியோ அலைகளைக் கேட்கற பில்லிங்கற வேல்ஸ் நாட்டுப் பையன் பனிப்போரையே ஆட்டிப் படைக்கிறான். ரெண்டாவதுல தொடர்ச்சியான கதைன்னு எதுவும் இல்லை. அமெரிக்கப் பட்டியல்ல முதல் ஆல்பம் 50-வது இடம், ரெண்டாவது 3-வது இடம். அவங்க பெரிய ஸ்டேடியங்கள்ல வாசிக்க, இவர் சின்ன அரங்கங்கள்ல பாடினார். சும்மா சொல்லக் கூடாது, எதிர்த் தரப்புக்கும் அது சூதாட்டம்தான். சுற்றுப்பயணச் செலவுக்கு மேசன் தன் ஃபெராரி 250 ஜிடிஓ காரையே அடமானம் வெச்சார்.

அந்த டிசம்பர்ல, தேம்ஸ் நதியில மிதக்கற கில்மோரோட படகு வீட்டுல சமரசம் ஆச்சு. பேர் அவங்களுக்கு. 'தி வால்' கதையும் மேடை உரிமையும், அந்தப் பிரபலமான ஊதற பன்றி பொம்மையும் வாட்டர்ஸுக்கு. தோத்துட்டார்னு எல்லாரும் நினைச்சாங்க. கையில கிடைச்ச அந்தச் சுவரோட மதிப்பு முழுசாத் தெரிய 23 வருஷம் ஆச்சு.

முதல் அறிகுறி 1990 ஜூலை 21. பெர்லின் சுவர் இடிஞ்சு எட்டு மாசம் ஆகியிருந்தது. ரெண்டு பெர்லினுக்கும் நடுவுல யாரும் கால் வைக்க முடியாம இருந்த போட்ஸ்டாமர் பிளாட்ஸ் திடல்ல 'தி வால்' கச்சேரி. ஜோனி மிட்செல், வான் மாரிசன், ஸ்கார்பியன்ஸ்னு ஒரு பட்டாளமே பாடினது. 25 மீட்டர் உயர சுவரைக் கட்டி, மூணு லட்சத்துக்கு மேல கூடின கூட்டத்துக்கு முன்னாடி இடிச்சுத் தள்ளினாங்க. ஃப்ளாய்ட் போர்டு இல்லாமலேயே நடந்த விஷயம் இது.

என்னைக் கேட்டா, அவரோட தனி வாழ்க்கையில உச்சம் 1992-ல வந்த 'அம்யூஸ்ட் டு டெத்'. டிவி நம்மை சிரிக்க வெச்சே மழுங்கடிக்குதுன்னு நீல் போஸ்ட்மன் 1985-ல எழுதின புத்தகத்துலேர்ந்து தலைப்பை எடுத்தார். வளைகுடாப் போரை கிரிக்கெட் மேட்ச் மாதிரி வரவேற்பறையில உக்காந்து உலகம் பார்த்து முடிச்ச நேரம் அது. கிடார் ஜெஃப் பெக். ஆல்பத்தோட தொடக்கத்துலயும் முடிவுலயும் ஆல்ஃப் ராஸல்ங்கற முதல் உலகப் போர் வீரரோட குரல் வரும். பில் ஹப்பர்ட்ங்கற கூட்டாளியைக் காப்பாத்த முடியாம போர்க்களத்துலயே விட்டுட்டு வந்த கதையைச் சொல்வார். பல வருஷம் கழிச்சு ஒரு நினைவுச் சின்னத்துல ஹப்பர்ட் பேரைப் பார்த்தப்புறம்தான் அவர் மனசு பாரம் குறைஞ்சது. அப்பாவைப் பார்க்காத ஒரு ஆள் இந்தக் குரலை ஏன் தேர்ந்தெடுத்தார்னு விளக்கவே வேண்டாம். ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்க.

ஆனா அமெரிக்காவுல அதுக்குக் கிடைச்சது 21-வது இடம். 1994-ல பழைய போர்டோட வந்த 'தி டிவிஷன் பெல்' நேரா முதலிடம். அடுத்த ராக் ஆல்பத்துக்கு வாட்டர்ஸ் எடுத்துக்கிட்டது 25 வருஷம். 2017-ல நைஜல் காட்ரிச் தயாரிப்புல 'இஸ் திஸ் தி லைஃப் வி ரியலி வான்ட்' வந்தது. நடுவுல 2005-ல பிரெஞ்சுப் புரட்சி பத்தி 'சா இரா'ன்னு ஒரு ஆபரா.

மீண்டு வந்தது மேடையில. 1999-லேர்ந்து பழைய பாட்டுகளையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பினார். 2002-ல பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், 2007-ல மும்பைன்னு நம்ம பக்கமும் வந்து பாடினார். 2005 ஜூலை 2 அன்னிக்கு லண்டன் லைவ் 8 நிகழ்ச்சியில நாலு பேரும் ஒண்ணா நின்னாங்க. மேடையிலேயே பேரட்டை நினைவுகூர்ந்தார் வாட்டர்ஸ். அடுத்த வருஷம் பேரட்டும், 2008-ல ரைட்டும் போயிட்டாங்க. நாலு பேரும் சேர்ந்த கடைசி மேடை அதுதான்.

2010-லேர்ந்து 2013 வரைக்கும் 'தி வால்' சுற்றுப்பயணம். 219 கச்சேரி, சுமார் 45.8 கோடி டாலர் வசூல். தனிக் கலைஞர் ஒருத்தர் அதுவரைக்கும் அவ்வளவு சம்பாதிச்சதில்லை. 2011 மே 12 அன்னிக்கு லண்டன்ல கில்மோரே வந்து சுவர் உச்சியில நின்னு கிடார் வாசிச்சார். வழக்கு போட்டது தப்புன்னு 2013-ல பிபிசி பேட்டியில வாட்டர்ஸ் ஒத்துக்கிட்டார்.

அதுக்காக ஆள் அடங்கிட்டார்னு நினைக்காதீங்க. இஸ்ரேல், உக்ரைன் பத்தின அவரோட பேச்சால கிளம்பின சண்டைகள் ஏராளம். 2022-ல போலந்து கிராகோவ் கச்சேரிகள் ரத்து. 2023-ல ஃப்ராங்க்ஃபர்ட் கச்சேரியைத் தடுக்கப் பார்த்தாங்க, கோர்ட் அனுமதிச்சது. அதே வருஷம் கில்மோரோட உறவும் பகிரங்கமா முறிஞ்சது.

கடைசித் திருப்பம் 2024 அக்டோபர்ல. பிங்க் ஃப்ளாய்டோட ஒலிப்பதிவு உரிமைகளும், அந்தப் பேரும் சோனி கம்பெனிக்கு சுமார் 40 கோடி டாலருக்குக் கைமாறினதா செய்தி வந்தது. பாட்டு எழுதினவங்களோட எழுத்துரிமை மட்டும் அந்த விற்பனையில சேரலையாம். எந்தப் பேருக்காக கோர்ட்டுக்குப் போனாங்களோ, அது இப்போ ரெண்டு தரப்புகிட்டயும் இல்லை.

என் கணக்குல வாட்டர்ஸ் பாதி ஜெயிச்சார், பாதி தோத்தார். எழுதினவர் யார்னு உலகத்துக்குப் புரிய வெச்சது ஜெயிச்ச பாதி. ஆனா அதுக்கு அவர் 1979-ல எழுதினதைத்தான் எடுத்துக்கிட்டுப் போக வேண்டியிருந்தது, 1992-ல எழுதினது இன்னும் மூலையில கிடக்கு. கில்மோர் மாதிரி எதிர்த்துப் பேசற ஆள் பக்கத்துல இருந்திருந்தா அந்தத் தனி ஆல்பங்கள்ல பேச்சு குறைஞ்சு மெட்டு கூடியிருக்கும்ங்கறது என் எண்ணம். அதே மாதிரி இவர் இல்லாத ஃப்ளாய்ட் ஆல்பங்கள் காதுக்கு இதமா இருக்கு, மனசுல எதுவும் தைக்கலை.

கில்மோர் கட்சிக்காரங்க சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். வாங்க, பின்னூட்டப் பெட்டி திறந்தேதான் இருக்கு. வர்றதுக்கு முன்னாடி 'அம்யூஸ்ட் டு டெத்' ஒரு தடவை முழுசா கேட்டுட்டு வாங்க.