பஞ்சாலைப் பணத்தில் எழுந்த பொறியியல் கல்லூரிகளும் நம் வீட்டுக் கல்விக் கடனும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த பின் திருப்பூரில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தந்தை பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கலாம். பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைப்பவராக இருக்கலாம். காதர்பேட்டையில் சிறு கடை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். பிள்ளை பொறியியல் படிக்க விரும்புகிறது. எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு, பணம் போதாவிட்டால் வங்கிக் கடன் வாங்கலாமா, வாங்கினால் அந்த வட்டிக்கு மறுமையில் என்ன பதில் சொல்வது என்று பேச்சு நள்ளிரவு வரை நீளும்.

இந்தப் பேச்சில் யாரும் எழுப்பாத ஒரு கேள்வி உண்டு. ஒரே பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இரு கல்லூரிகளில், ஓர் இடத்துக்குச் சில ஆயிரங்களும் மற்றோர் இடத்துக்குப் பெருந்தொகையும் கட்டணமாக இருப்பது ஏன்? அந்தக் கல்லூரிகள் எந்தக் காலத்தில், யாருடைய பணத்தில் எழுந்தன என்ற வரலாற்றை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

தமிழகத்தில் பொறியியல் கல்வி 1794ஆம் ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியிலிருந்து தொடங்குகிறது. பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அரசுக்குச் சாலையும் பாலமும் அணையும் கட்ட ஆட்கள் தேவைப்பட்டனர். அரசே அவர்களைப் பயிற்றுவித்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நிலைமை பெரிதாக மாறவில்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தது பஞ்சு. 1944இல் பஞ்சாலை அதிபரான அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று எழுந்தது. நெசவுத் தொழில்நுட்பம் அங்கே தொடக்கக் காலத்திலேயே இடம்பெற்றது. கோவையில் பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் 1926இல் தம் சொத்தை ஐந்து பங்காக்கி, ஒரு பங்கை அறக்கட்டளைக்கு ஒதுக்கியிருந்தனர். அந்த ஐந்தாவது பங்கிலிருந்து 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி உருவாயிற்று. 1956இல் வி.ரங்கசாமி நாயுடு பெயரிலான அறக்கட்டளை கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவியது. அடுத்த ஆண்டே மதுரையில், மில் அதிபர் கருமுத்து தியாகராஜன் செட்டியார் தம் பெயரிலான பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார்.

இவற்றுள் கோவையின் இரண்டு கல்லூரிகளும் மதுரைக் கல்லூரியும்தாம் தமிழகத்தில் அரசு உதவி பெறும் பொறியியல் கல்லூரிகள். கட்டடமும் நிலமும் செல்வர்கள் கொடுத்தார்கள். ஆசிரியரின் ஊதியத்தை அரசு ஏற்றது. மாணவர் கட்டுவது சிறு தொகை. இன்றும் அந்த ஏற்பாடு அக்கல்லூரிகளின் பழைய பாடப்பிரிவுகளில் தொடர்கிறது. அதே வளாகத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவுகள் சுயநிதிப் பிரிவுகள். அவற்றின் கட்டணம் வேறு. கலந்தாய்வுப் பட்டியலில் இரண்டும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் பெற்றோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர்.

இங்கே ஜி.டி.நாயுடுவைப் பற்றி ஒரு சொல். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையம் உருவாகக் காரணமாயிருந்தவர் அவர். அதுவே பின்னாளில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. பட்டப் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்கவில்லை. அவர் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் கூறியது முழுதும் சரியென்று நான் கருதவில்லை. ஆயினும் நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கூட்டிப் பார்க்கும் எந்தத் தந்தைக்கும் அவருடைய பிடிவாதத்தின் நியாயம் ஓரளவு விளங்கும்.

இதே காலத்தில் நம் சமுதாயம் என்ன செய்துகொண்டிருந்தது? திருப்பூரின் முதல் பின்னலாடை ஆலையை, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில், குலாம் காதர் சாயபு தம் சகோதரருடன் சேர்ந்து தொடங்கினார் என்பது இவ்வூர்த் தொழில் வரலாற்றில் பதிவாகியுள்ளது. ‘பேபி நிட்டிங்’ என்பது அதன் பெயர். ஆக, எந்திரத்துக்கும் நமக்கும் தொடர்பில்லாமல் இருக்கவில்லை. கொடை வழங்குவதிலும் நம்மவர் பின்தங்கவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலேயே வந்துவிட்டது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி பிறந்த அதே 1951இல் சென்னையில் புதுக் கல்லூரியும், ஜமால் முகமது சாகிபு, காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் முயற்சியால் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் தோன்றின. 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி.

இவை அனைத்தும் கலை, அறிவியல் கல்லூரிகள். பிரிவினைக்குப் பின் தலைமையும் செல்வமும் சிதறியிருந்த ஒரு சமுதாயத்துக்கு முதலில் வேண்டியவர்கள் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் அலுவலர்களும்தாம். கோவையின் ஆலை அதிபர்களுக்கோ தம் எந்திரங்களைப் பராமரிக்கப் பொறியாளர்கள் உடனடியாகத் தேவைப்பட்டனர். தோல் வணிகத்திலும் கடல் கடந்த வாணிபத்திலும் பொருளீட்டிய நம் செல்வர்களுக்கு அத்தகைய நெருக்குதல் இல்லை. அவர்களைக் குறை கூறுவது முறையாகாது. ஆனால் அதன் விளைவை நாம் இன்றும் சுமக்கிறோம்: அரசு உதவி பெறும் பொறியியல் கல்லூரி நம் சமுதாயத்தின் கையில் ஒன்றுகூட இல்லை.

நம்மவரின் பொறியியல் கல்லூரிகள் வந்தது 1984இல். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளிக்கப்பட்ட நேரம் அது. கீழக்கரை வள்ளல் பி.எஸ்.அப்துர் ரஹ்மான் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். கீழக்கரையிலேயே முகமது சதக் பொறியியல் கல்லூரி தோன்றிற்று. நம் பகுதியில் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் கோவையில் குமரகுரு கல்லூரியும் அதே ஆண்டில் பிறந்தவை. மேல்விஷாரத்தில் சி.அப்துல் ஹக்கீம் பெயரிலான பொறியியல் கல்லூரி 1998இல் வந்தது. நல்ல நோக்கமும் பெரும் கொடையும் இவற்றின் பின்னால் இருந்தன. என்றாலும் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்கும் காலம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. கல்லூரியை நடத்தும் செலவு மாணவரின் தந்தையிடம் வந்து சேர்ந்தது.

அந்தச் செலவுக்கு வரம்பு கட்டும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்தன. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கு, 2002இல் டி.எம்.ஏ.பை வழக்கு, அதன் தொடர்ச்சியாக 2003இல் வந்த தீர்ப்பு ‘இஸ்லாமிக் அகாடமி ஆஃப் எஜுகேஷன்’ என்ற நம்மவர் அமைப்பின் பெயராலேயே வழங்குகிறது. ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் மாநிலந்தோறும் கட்டண நிர்ணயக் குழு அமைய அத்தீர்ப்பு வழிவகுத்தது. தமிழகத்தில் 2017இல் அத்தகைய குழு வரையறுத்த ஆண்டுக் கட்டணம், அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்பாயின் 55,000; நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்து அமரும் இருவருக்குமிடையே நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கு மேல் வேறுபாடு வருகிறது. மேலும், முதல் பட்டதாரிக் குடும்பத்து மாணவருக்கு 2010 முதல் தமிழக அரசு வழங்கும் கல்விக் கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியே சேர்ந்தவர்களுக்கே உரியது. முகவர் ஒருவரின் பேச்சை நம்பி மே மாதத்திலேயே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிவிடும் குடும்பம், அந்த உரிமையையும் சேர்த்தே இழந்துவிடுகிறது.

கலந்தாய்வில் நமக்கென ஒரு வாசல் 2007இல் திறந்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அவ்வாண்டில் சட்டமாயிற்று. ராவுத்தரும் மரைக்காயரும் உள்ளிட்ட லெப்பை, தக்னி, தூதேகுலா, மாப்பிள்ளா, அன்சார், ஷேக், சையத் ஆகிய பிரிவினர் இதில் அடங்குவர். கிண்டியிலும் கோவை அரசுக் கல்லூரியிலும் மேற்கூறிய உதவி பெறும் கல்லூரிகளிலும் இந்த ஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழில் உட்பிரிவு சரியாக எழுதப்படாததால் உரிமையை இழப்பவர் உண்டு என்பதால், அந்தத் தாளை ஜூன் மாதத்துக்கு முன்பே எடுத்துப் பார்ப்பது நலம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையாயின், 2021இல் வந்த 7.5 விழுக்காடு முன்னுரிமை இதனினும் பெரிது. கட்டணத்தை அரசே ஏற்கிறது.

இனி, கடன். 1963இல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்தியது என்பதை இன்று பலர் அறியார். அது வட்டியில்லாக் கடன். படித்து முடித்தவர் ஆசிரியப் பணியில் சேர்ந்தால் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடியும் ஆகும். பத்ருப் போரில் பிடிபட்டு, மீட்புத் தொகை கொடுக்க இயலாதிருந்த கைதிகள், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்பித்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை இது நினைவூட்டுகிறது. கொடுத்த கடன் சரிவரத் திரும்பி வராததால் அத்திட்டம் நலிந்து மறைந்தது. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்திருந்தால் நாம் இன்று வேறு நிலையில் இருந்திருப்போம்.

2001இல் வந்தது இன்றைய வங்கிக் கல்விக் கடன். 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கப்படாது. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. தவணை இல்லை என்பதை வட்டி இல்லை என்று பலர் புரிந்துகொள்கின்றனர். ஆண்டுக்கு 1 லட்சமாக நான்கு ஆண்டுகள் பெற்று, தனிவட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், தவணை தொடங்கும் நாளில் முதல் லட்சத்துக்கு 50,000, அடுத்ததற்கு 40,000, பின் 30,000, 20,000 எனச் சேர்ந்து 1,40,000 ரூபாய் வட்டி நிற்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. அதன் பின் ஏறும் வட்டி நம்முடையதே. டாம்கோ வழியே கிடைக்கும் கடனில் வட்டி குறைவு; இல்லாமல் இல்லை. வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தத்தில் இது ஆகுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவரவர் தம் ஊர் ஆலிமிடம் முழு விவரத்தோடு கேட்டுத் தெளிவதே முறை. நான் கூற விழைவது அதற்கு முந்தைய ஒரு செய்தி.

கூஃபா நகரில் வறிய வீட்டுச் சிறுவன் ஒருவனை, துணி வெளுக்கும் ஒருவரிடம் அவன் தாய் வேலைக்குச் சேர்த்தார். அவனோ வேலையை விட்டுவிட்டு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடவகுப்பில் போய் அமர்ந்துகொண்டான். தாய் வந்து இமாமிடம் முறையிட்டார். இமாம் பட்டுத் துணி வணிகர். மாணவனின் செலவைத் தாமே ஏற்று, பணம் தீரும் முன்பே அடுத்த பையைக் கொடுத்து வந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தச் சிறுவனே பின்னாளில் ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியாகி, அரசின் வரிமுறை பற்றிய நூலையும் எழுதிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்). பிளீச்சிங் பட்டறையில் பகல் ஷிஃப்டு பார்த்துவிட்டு மாலையில் படிக்கும் பிள்ளைகள் உள்ள ஊரில், துணி வணிகர் ஒருவர் ஒரு மாணவனின் பொறுப்பை முழுதாக ஏற்ற இந்தச் செய்தி இன்னும் அடிக்கடி பேசப்பட வேண்டும். நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் கொடுக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் நூறு பேருக்குச் சிறு தொகையாகப் பகிர்ந்தளிக்கப்படும் உதவி, எவர் வீட்டிலும் வங்கிக் கடனைத் தவிர்ப்பதில்லை. பத்துப் பேருக்கு நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் அழகிய கடனாகக் கொடுத்து, அவர்கள் வேலைக்குச் சென்றபின் திரும்பப் பெற்று அடுத்த பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். 1963ஆம் ஆண்டுத் திட்டத்தால் இயலாதுபோன வசூல், முகம் தெரிந்தவர்களுக்கிடையே, பள்ளிவாசலில் ஐவேளையும் சந்திப்பவர்களுக்கிடையே இயலும் என்றே நம்புகிறேன்.

படிப்பின் பொருத்தம் பற்றியும் இவ்வூரின் வரலாறு ஒன்று சொல்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தும் மூடப்பட்டன. நொய்யலில் கலந்த சாயக்கழிவே காரணம். பட்டறைகள் மீண்டும் திறக்க, கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்து, எஞ்சிய உப்புநீரை ஆவியாக்கி, ஒரு சொட்டும் வெளியேறாமல் நடத்தும் ஆலைகள் தேவைப்பட்டன. வேதிப் பொறியியலும் நெசவு வேதியியலும் சுற்றுச்சூழல் பொறியியலும் கற்றவர்களுக்கு இங்கே வேலை வந்தது அப்படித்தான். பனியன் தொழிலில் முதுகு ஒடிந்த தந்தை, ‘என் பிள்ளைக்கு இந்தப் பஞ்சுத் தூசி வேண்டாம், கம்ப்யூட்டர் படிக்கட்டும்’ என்கிறார். அந்த மனம் புரிகிறது. ஆனால் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர் தைக்கும் மேசையில் அமர்வதில்லை. அந்தப் பாடத்தைக் கோவையின் பழைய கல்லூரிகளில் குறைந்த மதிப்பெண்ணுக்கும் பெற முடிந்தால், பெயர் தெரியாத கல்லூரியில் பெருங்கடனோடு கணினி அறிவியல் படிப்பதைவிட அது மேலானது என்பது என் கருத்து. கோவை 50 கிலோமீட்டர் தொலைவுதான். ரயிலில் சென்று வந்தால் விடுதிச் செலவும் மிச்சம். 500க்கும் மேலாகப் பெருகிய பொறியியல் கல்லூரிகளில் பல, மாணவரின்றி மூடப்பட்டுவிட்டன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு இன்னொரு பாதை உண்டு. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர், தனிக் கலந்தாய்வு வழியே பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இதைத் தொடங்கினால் மொத்தம் ஆறு ஆண்டுகள். மேல்நிலைப் பள்ளி வழியே சென்றாலும் அதே ஆறு ஆண்டுகள்தாம். இடையில் குடும்ப நிலை காரணமாக நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒரு தொழிற்சான்றிதழ் இருக்கும். ஓரிரு ஆண்டு வேலை பார்த்து, கட்டணத்துக்குச் சேர்த்துக்கொண்டு மீண்டும் படிக்கலாம். பத்தாம் வகுப்பு முடிவு வரும்போதே இதைப் பேசத் தொடங்க வேண்டியிருப்பதால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிப் பேசும் அதே இரவில் அதன் தம்பி தங்கையையும் அருகே உட்கார வைத்துக்கொள்ளலாம்.