பூட்டிய அச்சும் பூட்டாத அச்சும்: டிஃபரன்ஷியல் பூட்டு தேவைதானா?

இந்தியாவின் கரடுமுரடான பாதைகளில் இரண்டு வண்டிகள் நெடுங்காலமாக ஒன்றுக்கொன்று எதிர்வாதம் செய்துவருகின்றன. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியில் டிஃபரன்ஷியல் பூட்டு கிடையாது. ஆயினும் இராணுவம், காவல்துறை, வனத்துறை, இமயமலைப் பந்தயங்கள் என அது நுழையாத இடமில்லை. 2013இல் விற்பனைக்கு வந்த ஃபோர்ஸ் கூர்க்காவின் நான்கு சக்கர இயக்க வகையிலோ முன்னச்சுக்கு ஒன்றும் பின்னச்சுக்கு ஒன்றுமாக இரண்டு பூட்டுகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தன. பூட்டு இல்லாமலே இமயமலையில் ஏற முடியுமென்றால், அதற்கெனத் தனியே செலவிடுவது ஏன்? இக்கேள்விக்கு விளம்பரங்களைவிட வரலாறு தெளிவான விடை தருகிறது.

முதலில் பொறியின் இயல்பு. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு உருள வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். இதைத் தீர்க்க வந்ததே டிஃபரன்ஷியல். 1820களின் இறுதியில் பிரான்ஸ் நாட்டின் ஒனேசிஃபோர் பெக்கூர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1877இல், இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி அதையே மூன்று சக்கர மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். மோட்டார் கார் பிறந்தபோது இந்தத் தீர்வு ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது.

அத்தீர்வுக்குள்ளேயே ஒரு குறையும் இருந்தது. டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது; ஆனால் முறுக்குவிசையை இரண்டுக்கும் சமமாகவே பகிர்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் சிக்கி 100 அலகு விசையை மட்டுமே தாங்கும் என்றும், உலர்ந்த தரையில் நிற்கும் மறு சக்கரம் 1000 அலகு தாங்கும் என்றும் வைத்துக்கொள்வோம். வலிய சக்கரத்துக்கும் 100 அலகே போய்ச் சேரும், மொத்தம் 200. அச்சைப் பூட்டிவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும், ஒவ்வொன்றும் தன்னால் இயன்றதை வாங்கிக்கொள்ளும், மொத்தம் 1100. பூட்டு புதிதாகப் பிடிப்பை உண்டாக்குவதில்லை. தரையில் ஏற்கெனவே இருக்கும் பிடிப்பு வீணாகாமல் காக்கிறது. அதன் பயன், வரம்பு இரண்டும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன.

இந்தக் குறை முதலில் உறுத்திய இடங்களில் ஒன்று பந்தயத் தளம் என்பது வியப்பளிக்கலாம். 1930களின் நடுப்பகுதியில் அவுட்டோ யூனியன் பந்தயக் கார்களின் மிகுந்த ஆற்றலால் வளைவுகளில் உட்புறச் சக்கரம் வெறுமனே சுழன்றது. ஃபெர்டினாண்ட் போர்ஷே அதற்கு விடை தேட, ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் தானாக ஓரளவு பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலை உருவாக்கித் தந்தது. சில ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் அதே வகைப் பொறி போர்க்களத்துக்குப் போயிற்று.

இரண்டாம் உலகப் போர் இவ்விவாதத்துக்குத் தன்னையறியாமலே ஒரு பெரும் சோதனைக்களம் அமைத்தது. அமெரிக்க ஜீப்புக்கு நான்கு சக்கர இயக்கமும் தாழ்வேகப் பற்சக்கர அடுக்கும் உண்டு. எந்த அச்சிலும் பூட்டு இல்லை. போர்ஷே வடிவமைத்த ஜெர்மானியக் கூபெல்வாகனுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே இயக்கம். ஆனால் அதில் இசட்.எஃப். தானியங்கிப் பூட்டு இருந்தது. கூபெல்வாகனின் எடை சுமார் 725 கிலோ, ஜீப்பின் எடை ஒரு டன்னுக்கு மேல். ஒன்று சக்கரங்களின் எண்ணிக்கையை நம்பியது. மற்றொன்று குறைந்த எடையையும் பூட்டையும் நம்பியது. இரண்டு சக்கர இயக்கம் மட்டுமே கொண்ட வண்டி பாலைவனத்திலும் பனியிலும் பணியாற்றியதில் பூட்டின் பங்கு சிறிதன்று. ஆயினும் போரில் எண்ணிக்கையால் வென்றது ஜீப்பே. சுமார் 50,000 கூபெல்வாகன்களுக்கு எதிராக ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின. போருக்குப் பிந்தைய உலகம் ஜீப்பையே முன்மாதிரியாகக் கொண்டது. 'நான்கு சக்கர இயக்கம் இருந்தால் போதும்' என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே பரவியது. வெற்றி பெற்ற வண்டியில் இல்லாத ஓர் உறுப்பு, தேவையற்ற உறுப்பாகக் கருதப்பட்டது.

அந்த எண்ணம் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கிய மஹிந்திரா, அந்த மரபைப் பல பத்தாண்டுகள் பூட்டில்லாமலே தொடர்ந்தது. ஆனால் அதே காலத்தில் பூட்டு இந்நாட்டில் வேறொரு வழியாக நுழைந்து நிலைபெற்றது. அது டிராக்டர் வழி.

கண்டுபிடிப்பின் வரலாறு வேறு, பயன்பாட்டின் வரலாறு வேறு என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியான 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலில் வாதிட்டார். அந்தப் பார்வையில் நோக்கினால், இந்தியாவில் டிஃபரன்ஷியல் பூட்டின் முதன்மைப் பயனர் சாகச ஓட்டுநர் அல்லர், உழவர். கலப்பை பூட்டிய டிராக்டரின் ஒரு சக்கரம் உழுத சாலின் பள்ளத்திலும், மற்றொன்று உழாத மேட்டிலும் ஓடும். இரு சக்கரங்களுக்கும் ஒரே பிடிப்பு என்பது உழவில் விதிவிலக்கே. சேற்று வயலில் நிலைமை இன்னும் மோசம். ஆகவே இருக்கைக்குக் கீழே, காலெட்டும் இடத்தில் ஒரு மிதி அமைந்தது. வழுக்கும்போது அதை மிதிக்க வேண்டும். திரும்பும் முன் விட்டுவிட வேண்டும். மறந்தால் வண்டி வளைய மறுத்து நேரே செல்லும். எப்போது பூட்டுவது என்பதைவிட எப்போது விடுவிப்பது என்பதே முக்கியம் என்ற பாடத்தை உழவர்கள் தொழிலோடு கற்றுக்கொண்டார்கள். ஜெர்மனியில் 1940களின் இறுதியில் பிறந்த யூனிமோக் வண்டியும் உழவுக்கென்றே உருவாகி, பூட்டுகளோடு வெளிவந்து, பின்னரே இராணுவத்துக்கும் பாலைவனத்துக்கும் சென்றது. பூட்டு எங்கு பிறந்து நிலைத்தது என்பதே அதன் பயனைச் சொல்லிவிடுகிறது: வேகம் குறைவு, சுமை மிகுதி, சக்கரங்களுக்கிடையே பிடிப்பு வேறுபாடு நிரந்தரம்.

அப்படியானால் ஜிப்ஸி எப்படிச் சமாளித்தது? அதன் எடை சுமார் ஒரு டன்னே. இலகுவான வண்டிக்கு ஏறக் குறைந்த விசை போதும். புதைந்தாலும் நான்கு பேர் தள்ளி மீட்கலாம். அதன் பட்டை வில்கள் இறுக்கமானவை. குறுக்குப் பள்ளங்களில் எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் எளிதில் அந்தரத்தில் தொங்கும். அப்போது சிறிது உந்துவேகத்தோடு பள்ளத்தைக் கடப்பதே ஓட்டுநரின் வித்தை. பூட்டில்லாத வண்டியில் அதன் வேலையை மனிதர் செய்தனர். அதற்கு விலையும் உண்டு: தவறிய உந்துவேகம் அச்சை உடைக்கும், வண்டியைக் கவிழ்க்கும். கூர்க்கா அதைவிடப் பெரிதும் கனமானது. அதை உந்துவேகத்தால் கடத்துவது அறிவன்று. அங்கே பூட்டைப் போட்டு நடைவேகத்தில் ஏறுவதே முறை. எதிர்வாதம் செய்வதாகத் தோன்றிய இரு வண்டிகளும் ஒரே கணக்கின் இரு விடைகள்.

அண்மைக் காலத்தில் மூன்றாவது விடை ஒன்று வந்துள்ளது. வெறுமனே சுழலும் சக்கரத்தை மட்டும் மின்னணுக் கட்டுப்பாடு பிரேக் பிடித்து நிறுத்துகிறது. 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னி இவ்வழியையே நம்புகிறது. 2020இன் தார் வண்டியில் இந்தப் பிரேக் முறையோடு, சில வகைகளில், பின்னச்சில் தானே பூட்டிக்கொள்ளும் பொறியும் உண்டு. பிரேக் முறை பூட்டுக்கு நிகரா? முன்சொன்ன கணக்கிலேயே பார்க்கலாம். சேற்றுச் சக்கரத்தின்மீது பிரேக் 900 அலகு தடை சேர்த்தால், மறு சக்கரத்துக்கு 1000 கிடைக்கும். வண்டி நகரும். ஆனால் எஞ்சின் 1100க்குப் பதிலாக 2000 அலகு தர வேண்டும். அதில் 900 பிரேக்கில் வெப்பமாகக் கரையும். சில அடி தூரப் பள்ளத்துக்கு இது தாராளமாகப் போதும். நீண்ட மணற்பரப்பிலும் தொடர் பாறை ஏற்றத்திலும் பிரேக் சூடேறும். மேலும் சக்கரம் சுழன்ற பிறகே மின்னணு விழித்துக்கொள்கிறது. பூட்டோ சுழலும் முன்பே ஆயத்தமாக இருக்கிறது.

பூட்டின் தீங்குகளையும் மறைக்கலாகாது. பூட்டிய அச்சில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிடிப்பிருந்தால், அச்சுக்கு வரும் விசை முழுவதையும் ஒரே அரையச்சு தாங்க வேண்டும். அது முறிவது அரிதன்று. முன்னச்சைப் பூட்டினால் ஸ்டீயரிங் கல்லாகும். எல்லாவற்றினும் கொடியது பனி உறைந்த மலைச்சாலை. பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் வழுக்கினாலும், உருளும் மறு சக்கரம் வண்டியைப் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்திருக்கும். பூட்டிய அச்சில் இரண்டும் ஒருசேர வழுக்கும். சாலை சாயும் பக்கம் பள்ளத்தாக்கு இருந்தால் வண்டி அங்கேயே நகரும். ஏறுவதற்கு உதவும் கருவி, தவறான இடத்தில் உயிர்க்கொல்லியாகிறது.

ஆகவே விடை 'ஆம்', 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் அமையாது; எனினும் தெளிவாகவே அமைகிறது. கனமான வண்டி, தனிப் பயணம், மீட்க ஆளில்லாத நிலம் என்றால் பின்னச்சுப் பூட்டு விலைக்குத் தக்கது. முன்னச்சுப் பூட்டு பாறை ஏறுவோருக்கும், கோவாவின் மழைக்காலச் சேற்றில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டியாளர்களுக்கும் மட்டுமே உரியது. ஆண்டுக்கு இருமுறை மலைச்சாலைக்குப் போகும் குடும்பத்துக்கு நல்ல டயரும், மணலில் காற்றைக் குறைக்கும் பழக்கமும், ஓர் இழுவைக் கயிறும் முதலில் வேண்டும். இவை இல்லாதவருக்குப் பூட்டு, சற்றுத் தள்ளிப் போய் சிக்கிக்கொள்வதற்கான அனுமதிச்சீட்டு மட்டுமே.

நிலத்தின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. வெறுமனே சுழலும் சக்கரம் மண்ணைத் தோண்டி எறிகிறது. பூட்டிய அச்சு மெல்ல உருண்டு, குறைவாகவே கிழிக்கிறது. ஆனால் அதே பூட்டு, முன்பு எந்த வண்டியும் எட்டாத புல்வெளிக்கும் ஏரிக்கரைக்கும் வண்டியைக் கொண்டு சேர்க்கிறது. லடாக் போன்ற குளிர்ப்பாலை நிலத்தில் ஒரு டயர்த் தடம் ஆண்டுக்கணக்கில் அழிவதில்லை. உழவரின் பூட்டுக்கு வயலின் வரப்பு எல்லையாக இருந்தது. சாகச ஓட்டுநரின் பூட்டுக்கு அப்படியொரு வரப்பு இல்லை. அதை ஓட்டுநரே போட்டுக்கொள்ள வேண்டும்.