ஓடியாந்த மனுசன்

என் ஆயாவுக்குக் கோபம் வந்தால் வாயில் முதலில் வருகிற வசவு 'ஓடுகாலி'. அதே ஆயா தன் மாமனாரைப் பற்றிப் பேசும்போது 'ஓடியாந்த மனுசன்' என்பாள். அதில் வசவு இருக்காது, பெருமைதான் இருக்கும். மதுராந்தகம் பக்கம் ஓர் ஆண்டையிடம் படியாளாய்க் கிடந்தவர், மீசை அரும்பாத வயசில் தப்பித்து மயிலாப்பூர் வந்து சேர்ந்தாராம். "மூணு ராத்திரி நடந்தாரு. பகல்ல ஏரிக்கர கோரைக்குள்ள படுத்துக்கினாரு." இதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. ஊர் எது, வருசம் எது என்பதற்குக் காகிதம் கிடையாது. காகிதம் ஆண்டையிடம் இருந்தது.

கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய்க்கு எழுதிக்கொடுத்த சீட்டுதான் அந்தக் காகிதம். கடன் தீரும்வரை உழைக்க வேண்டும். படியில் அளக்கிற கூலியோ வயிற்றுக்கே போதாது, அப்புறம் கடன் எங்கே தீரும்? அப்பன் கடன் மகன் தலையில் ஏறும். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தோடு இந்தியாவில் அடிமை முறை ஒழிந்தது என்று பாடம் படிக்கிறோம். 1859இல் வந்த பதின்மூன்றாம் சட்டத்தைப் பற்றி யார் சொல்லிக்கொடுத்தார்கள்? முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகிறவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் வேலைக்குத் திரும்பு. மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவல். மற்றவன் கடன்பட்டால் சிவில் வழக்கு, கூலிக்காரன் கடன்பட்டால் கிரிமினல்! பட்டணத்து முதலாளிமாருக்காக எழுதப்பட்டுப் பிறகு வெளியிலும் பரவிய இந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆயிற்று. அடிமை என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஓடுவதைக் குற்றமாக வைத்துக்கொண்டார்கள்.

ஓடினவன் எங்கே போவான்? கோலார் சுரங்கம், இலங்கைத் தோட்டம், ரங்கூன், நேட்டால் என்று போனவர்கள் ஏராளம். கப்பலேற வழியில்லாதவன் பட்டணத்துக்கு வந்தான். ஆனால் அன்றைய மயிலாப்பூரையும் மாம்பலத்தையும் இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. தியாகராய நகர் அப்போது கிடையாது. 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்த பிறகுதான் பாண்டி பஜாரும் பனகல் பூங்காவும் வந்தன. அதற்கு முன் ஏரி, ஏரிப்பாசன வயல், வயலோரம் சேரி. வயலிலிருந்து ஓடிவந்தவன் கண்ணில் மறுபடியும் வயல்! துரைமார் பங்களாக்கள் இருந்ததால் குதிரைக்காரன், தோட்டக்காரன், பட்லர் என்று வேலை கிடைத்தது. ஆயாவின் மாமனாரும் அடையாற்றங்கரையில் ஒரு பங்களாவில் புல்லறுக்கிறவராகத்தான் தொடங்கினாராம்.

வேடிக்கை என்னவென்றால், ஆற்றை ஒட்டிய சைதாப்பேட்டைதான் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம். அந்த மாவட்டத்தின் கலெக்டராகப் பணியாற்றிய திரமென்கீர், பறையர்களின் நிலை பற்றி 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். சேரியில் குடிசை போட்ட மனையே மிராசுதாரன் கையில் இருக்கிறது, முறைத்துப் பார்த்தால் மறுநாள் தெருவில் நிற்க வேண்டும். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாரன் முன்னுரிமை சொல்லித் தடுத்துவிடுவான் என்பதையெல்லாம் சர்க்கார் தாளில் எழுதிவைத்தார். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010ஆம் எண் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதிலிருந்துதான். இதற்காகத் திரமென்கீருக்கு மாலை போடுகிறவர்கள் போடட்டும். அவரை எழுத வைத்ததில் ஓடிப்போன கால்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. சேரி காலியானால் யார் நாற்று நடுவது?

எல்லாரும் பட்டணத்திலேயே தங்கிவிட நினைக்கவில்லை. ஆண்டை இல்லாத ஒரு கிராமம் கிடைக்காதா என்ற ஏக்கமும் இருந்தது. அப்படிக் கிராமங்கள் சில உண்டாகவும் செய்தன. ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ பாதிரியார் 1890களில் செங்கல்பட்டுப் பகுதியில் நிலம் பெற்று மெல்ரோசாபுரம், ஆந்திரேயாபுரம் என்று குடியிருப்புகளை அமைத்தார். காட்டுத் தரிசைத் திருத்தி நம் மக்கள் உழுதார்கள். மிராசுதார்கள் எதிர்த்ததில் ஆச்சரியம் என்ன? மனை அவர்கள் கையில் இல்லையென்றால் ஆளும் அவர்கள் கையில் இல்லை. இங்கேயும் நிலம் மிஷன் வழியாகத்தான் வந்தது, பாதிரியாருக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் சாணிப்பாலும் சவுக்கடியும் இல்லாத வயலில் ஏர் பிடிப்பது என்னவென்று அதைப் பிடித்தவனுக்குத்தான் தெரியும். 'சோத்துக்கு மதம் மாறினான்' என்று நக்கலடிக்கிறவர்கள் சோறு எவன் கையில் இருந்தது என்று சொல்வதேயில்லை.

அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894இல் ஊரூர்ச் சேரிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் சேரிகளிலும் அப்படிப் பள்ளிகள் வந்தன. அந்த வாசலில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் ஓடிவந்தவர்களின் பிள்ளைகள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆயாவின் வீட்டுக்காரர் அங்கே மூணாவது வரைக்கும் படித்தார். கையெழுத்துப் போடுவார்.

1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். ஆயா அப்போது படுக்கையில் கிடந்தாள். பேப்பரைப் படித்துக் காட்டினேன். "நெலத்தக் கேட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவரு கேக்கல. ஓடியாந்துட்டாரு" என்றாள்.

சாகிறவரைக்கும் அவர் ஊர்ப்பக்கம் திரும்பவில்லையாம். தை மாசத்தில் மட்டும் சைதாப்பேட்டைப் பாலத்தண்டை போய் நிற்பாராம், தெற்கேயிருந்து நெல்லு வண்டி ஓட்டிவருகிறவர்களிடம் தன் அம்மா இருக்காளா என்று விசாரிக்க. ஊர்ப்பேரைச் சொல்லமாட்டாராம். ஏரியின் அடையாளம் சொல்லித்தான் கேட்பாராம்.