பன்முக நுண்ணறிவும் ஆங்கில வகுப்பறையும்

பன்முக நுண்ணறிவு என்பது, மனித அறிவாற்றல் ஒரே திறன் அன்று, ஓரளவு தனித்தனியே இயங்கும் பல திறன்களின் தொகுப்பு எனக் கூறும் உளவியல் கோட்பாடு ஆகும். அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் இதை முன்வைத்தார். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் திறனை மதிப்பிடுவதில் இக்கோட்பாடு புதிய கேள்விகளை எழுப்பியது.

பின்னணி

1904-இல் சார்லஸ் ஸ்பியர்மன், அறிவுச் செயல்கள் அனைத்திற்கும் அடிப்படையாக ஒரு பொதுத்திறன் உண்டு என்றார். 1905-இல் பாரிசில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சைமனும், பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய ஒரு சோதனையை உருவாக்கினர். உதவிக்காகத் தோன்றிய இவ்வளவுகோல் அமெரிக்காவில் ஆட்களைத் தரம்பிரிக்கும் கருவியாயிற்று. ஆங்கிலம் அறியாதவரின் நுண்ணறிவை ஆங்கிலத் தாளால் அளக்க முடியாது என்பதும் விரைவில் தெரிந்தது. 1917-இல் அமெரிக்கப் படை, எழுத்தறிவற்றோருக்கும் ஆங்கிலம் அறியாதோருக்கும் படங்களைக் கொண்ட தனிச் சோதனையை வகுத்தது.

கோட்பாடு

மூளைக் காயத்தால் ஒரு திறனை இழந்தவர்களிடம் வேறு திறன்கள் குன்றாமல் இருப்பதைக் கார்ட்னர் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டார். மொழி, தருக்கம்-கணிதம், இசை, உடலியக்கம், இடவெளி, பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு நுண்ணறிவுகளை வகுத்தார். இயற்கையை அறிதல் 1990-களில் எட்டாவதாகச் சேர்ந்தது.

ஆங்கிலக் கற்பித்தலில்

1987-இல் இண்டியானாபோலிஸ் நகரில் இக்கோட்பாட்டை ஒட்டி ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. 1994-இல் தாமஸ் ஆம்ஸ்ட்ராங் ஆசிரியர்களுக்கான கையேட்டை வெளியிட்டார். ரிச்சர்ட்ஸ், ராட்ஜர்ஸ் ஆகியோரின் மொழிக் கற்பித்தல் முறைகள் பற்றிய நூல், 2001-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் இதற்குத் தனி இயல் ஒதுக்கியது.

பாட்டும் நடிப்பும் மொழி வகுப்பிற்குப் புதியன அல்ல. உடலசைவு வழியே மொழி கற்பிக்கும் முறையை ஜேம்ஸ் ஆஷர் 1960-களிலேயே உருவாக்கியிருந்தார். கோட்பாடு மாற்றியது ஆசிரியரின் பார்வையை. தாய்மொழியில் சுவைபடக் கதை சொல்லும் மாணவி ஆங்கிலத்தில் தடுமாறினால், அவளுக்கு மொழி நுண்ணறிவு குறைவு என்று கூற இயலாது. குறைவது ஆங்கிலப் பயிற்சியே. வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லுதல், அறிவியல் சோதனையை விளக்குதல், குழுவாக நாடகம் எழுதுதல் போன்ற பணிகள், இலக்கணத் தேர்வில் பின்தங்கிய மாணவருக்கும் ஆங்கிலத்தில் பேசக் காரணம் தருகின்றன.

திறனாய்வு

தனித்தனி நுண்ணறிவுகள் இருப்பதற்குப் போதிய ஆய்வுச் சான்று இல்லை என லின் வாட்டர்ஹவுஸ் 2006-இல் வாதிட்டார். நுண்ணறிவும் ‘கற்றல் பாணி’யும் ஒன்றல்ல என்பதைக் கார்ட்னரே பலமுறை தெளிவுபடுத்தியுள்ளார். ஆஸ்திரேலியாவில் இனக்குழுக்களுக்கு இன்னின்ன நுண்ணறிவு என வகுத்த ஒரு கல்வித் திட்டத்தையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார்.

‘இவன் இசை மாணவன், இவள் உடலியக்க மாணவி’ என முத்திரை குத்துவது பழைய தரம்பிரிப்பின் மறுவடிவமே. ஆங்கிலப் பாட்டுக்குத் தாளம் மட்டும் போட்ட மாணவன் ஆங்கிலம் கற்றதாகாது. பிற திறன்கள் மொழிக்கு வாயிலாகலாம். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய பயிற்சிக்கு அவை மாற்றாக மாட்டா.